கோவில்பட்டியிலிருந்து ஒரகடம்: ஒரு மாணவியின் இடமாற்ற முடிவு குறித்த நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்துவரும் என்னைப் பார்க்க, 2025 ஜூன் மூன்றாம் வாரத்தில், அவ்வாண்டு டிரிபிள்-இ (மின், மின்னணுப் பொறியியல்) படிப்பை முடித்த மாணவி ஒருவர் தம் தந்தையோடு வந்தார். சென்னைப் பக்கம் என்று எல்லோரும் சொல்லும் ஒரகடத்தில் உள்ள வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேரும்படி அவருக்கு ஆணை வந்திருந்தது. ஜூலை 14 அன்று பணியில் சேர வேண்டும். ஆணையைக் கையில் மடித்து வைத்திருந்த தந்தை, உட்காருவதற்கு முன்பே, "இவ போறேங்கா மேடம், எனக்குத்தான் மனசு ஒப்பல. நீங்க அனுப்புன்னா அனுப்புறேன்" என்றார். அந்த வார்த்தையின் கனம் எனக்கு அப்போது முழுமையாகப் புரியவில்லை. அன்று நான் காட்டிய கணக்கு தவறு என்பதும் மறுநாள்தான் புரிந்தது.

மாணவியின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விலக்கியிருக்கிறேன். இடமாற்றம் பற்றிய முடிவுகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன் என்றாலும், 2025-ஆம் ஆண்டு அணிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு பொறியியல் படிப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது 2021-இல். அவ்வாண்டு அதன் வழியாகச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது. அந்த முதல் அணி படித்து முடித்து வெளியே வந்தது 2025-இல். இந்த மாணவியும் அவர்களுள் ஒருவர். வங்கிக் கல்விக் கடன் இல்லாமல் பட்டம் பெற்றவர்களுக்கு, கடனைக் கட்டுவதற்காகக் கிடைத்த ஊருக்கு ஓடித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. ஆகவே போவதா இருப்பதா என்று உண்மையிலேயே உட்கார்ந்து யோசிக்கும் வசதி அவர்களுக்கு இருந்தது. முந்தைய அணிகளில் பலருக்கு அந்த யோசனைக்கே இடமிருந்ததில்லை.

குடும்பம் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தது. தந்தை சொந்தமாகக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறார். அதற்கான தவணை இன்னும் முடியவில்லை. தாய் பதினெட்டு வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். தம்பி பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் வெளியூர் போய்த் தங்கி வேலை பார்த்த பெண் இதுவரை யாருமில்லை. ஆண்களிலும் ஒரே ஒரு சித்தப்பா திருப்பூருக்குப் போய், இரண்டாண்டில் கடனோடு திரும்பியவர். அவர் பெயரை யாரும் எடுக்கவில்லையே தவிர, அன்று பேசிய ஒவ்வொரு பேச்சிலும் அவர் இருந்தார்.

மூன்று வழிகள்

மாணவியின் முன் இருந்தவை மூன்று. முதலாவது ஒரகடம். இரண்டாவது, திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில், ஒப்பந்ததாரர் மூலமாக, லைன் ஆபரேட்டர் வேலை. அந்த வளாகத்தில் 2025 பிப்ரவரியில் பெரிய சூரிய மின்கலத் தொழிற்சாலை ஒன்று முறைப்படி திறக்கப்பட்டதிலிருந்து, அங்கே பெண்களுக்கு வேலை கிடைக்கிறது என்ற பேச்சு எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. காலையில் ஆலைப் பேருந்து வரும், மாலையில் வீட்டில் கொண்டுவந்து விடும். மூன்றாவது, வீட்டிலிருந்தபடியே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படிப்பது. குரூப் 4 தேர்வு ஜூலை 12 அன்று நடக்கவிருந்தது. மாணவி ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார்.

தாய்க்கு மூன்றாவது வழிதான் பிடித்திருந்தது. இளநிலை உதவியாளருக்கான ஊதிய நிலை 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அதன்மேல் அகவிலைப்படி, மற்ற படிகள், ஓய்வுக்கால உறுதி, உள்ளூரிலேயே வேலை. எந்தத் தாயும் விரும்பக்கூடியதுதான். ஆனால் அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோர் என்பதை நான் சொன்னபோது மாணவி சிரித்துவிட்டார். அவருக்கு அது முன்பே தெரியும். அவர் ஒரு தீர்வும் கண்டுவைத்திருந்தார். ஜூலை 12 சனிக்கிழமை காலையில் கோவில்பட்டியில் தேர்வை எழுதிவிட்டு, அன்று இரவே ரயிலேறினால், திங்கட்கிழமை பணியில் சேர்ந்துவிடலாம். தேர்வு எழுதுவதையும் ஊரைவிட்டுப் போவதையும் எதிரெதிர் வழிகளாக நாங்கள்தான் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். நான்காண்டு படித்த பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பது மட்டுமே அவரால் ஏற்க முடியாததாக இருந்தது. ஆகவே உண்மையான போட்டி ஒரகடத்துக்கும் கங்கைகொண்டானுக்கும் இடையில்தான்.

கணக்கும் என் தவறும்

ஆணையில் ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று இருந்தது. முதல் சந்திப்பில் அதைப் பன்னிரண்டால் வகுத்து, "மாதம் இருபத்தைந்தாயிரம்" என்று தந்தையிடம் சொன்னேன். பல ஆண்டுகளாக எல்லாப் பெற்றோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன்; கல்லூரி வாசலில் வைக்கும் பதாகையிலும் அந்த எண்ணைத்தான் போடுகிறோம். மறுநாள் மாணவி தனியாக வந்து, ஆணையின் கடைசிப் பக்கத்திலிருந்த பட்டியலைக் காட்டி, "மேடம், இதுல கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து கூட்டிக் கழித்தோம்.

மாதம் 25,000 ரூபாயில், ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக்குப் பின் தரப்படும் ஊக்கத்தொகை என்று 2,000 ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. அடிப்படை ஊதியம் 12,500. அதில் நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தும் 12 விழுக்காடு 1,500 ரூபாயையும் மூன்று லட்சத்துக்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். பணிக்கொடை என்று சுமார் 600 ரூபாய். அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்தாண்டு பணியாற்றினால்தான் அது கிடைக்கும் என்பதால், இரண்டாண்டுப் பயிற்சியாளருக்கு அது காகிதத்தில் இருக்கும் பணம் மட்டுமே. மொத்த ஊதியம் 21,000 ரூபாய்க்குள் வருவதால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு உண்டு, நிறுவனத்தின் பங்கான 3.25 விழுக்காடும் அந்த மூன்று லட்சத்துக்குள்தான். இவையெல்லாம் போக மாத ஊதியம் சுமார் 20,240. அதிலிருந்து மாணவியின் பங்காக வருங்கால வைப்பு நிதி 1,500, இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, தொழில் வரி மாதத்துக்கு ஏறத்தாழ 200 கழிந்தால், வங்கிக் கணக்குக்கு வருவது 18,400 ரூபாய்.

இருபத்தைந்தாயிரத்துக்கும் பதினெட்டாயிரத்து நானூறுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் நம்பிக்கை விழுந்து உடையக்கூடிய அளவுக்கு இடைவெளி இருக்கிறது. தந்தையைத் தொலைபேசியில் அழைத்து நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, "அப்ப பி.எஃப். பணம் போச்சா மேடம்?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை, மகளின் பெயரில்தான் இருக்கும் என்று விளக்கியபின் அமைதியானார்.

அடுத்து, மாதச் செலவு போக என்ன மிஞ்சும் என்று பார்த்தோம். ஒரகடம் பகுதியில் வேலை பார்க்கும் எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவி ஒருவர் தந்த தொகைகளின்படி, நால்வர் தங்கும் அறையில், சாப்பாட்டோடு, மகளிர் விடுதிக் கட்டணம் 6,500. தொலைபேசி, சோப்பு, மாலைச் சிற்றுண்டி, விடுமுறை நாளில் வெளியே போய்வருவது எல்லாம் சேர்த்து 2,500. ஊருக்கு வந்துபோகும் செலவை மாதவாரியாகப் பிரித்தால் 1,000. எதிர்பாராதவற்றுக்கு 1,400. மிஞ்சுவது 7,000 ரூபாய். கங்கைகொண்டானில் சம்பளம் 15,000, பிடித்தம் போக 13,300. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு கைச்செலவுக்கு 2,300 எடுத்துக்கொண்டால் 11,000 மிஞ்சும்.

அதாவது, சம்பளம் அதிகமுள்ள வேலையில் மிச்சம் மாதத்துக்கு 4,000 குறைவு. இரண்டாண்டுக்குக் கூட்டினால் 96,000 ரூபாய். நல்ல சம்பளத்துக்காகத்தான் பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள் என்று ஊரும் நாங்களும் சொல்லிக்கொள்வது, தொடக்கநிலை வேலைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. பணத்தை மட்டும் பார்த்தால் இந்த மாணவி வீட்டைவிட்டு நகர்ந்திருக்கவே கூடாது.

அந்த 96,000 ரூபாய் எதற்கான விலை என்பதுதான் பிறகு எங்கள் பேச்சாயிற்று. கங்கைகொண்டான் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ போதும், அதில் இரண்டாண்டு கழித்தாலும் சான்றிதழில் ஒப்பந்ததாரரின் பெயர்தான் இருக்கும். ஒரகடத்தில் பராமரிப்புப் பிரிவு. இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகள், அவற்றைத் தானாக இயக்கும் பி.எல்.சி. கருவி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஆகியவற்றில் கைவைத்துப் பழகலாம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்படவிருக்கிறது என்ற செய்தி அப்போதே எங்கள் பகுதியில் பரவலாக இருந்தது. அத்தகைய ஆலைகள் பொறியாளர் பணிக்கு ஆளெடுக்கும்போது முதலில் கேட்பது அனுபவத்தைத்தான். திரும்பி வருவதற்காகவே இப்போது போக வேண்டியிருக்கிறது என்று மாணவி சொன்னது அந்த அறையில் பேசப்பட்டவற்றுள் தெளிவான வாக்கியம். தந்தையின் முகம் மாறியதும் அதைக் கேட்டபிறகுதான்.

ஒப்பந்தப் பத்திரம்

ஆணையோடு ஒரு பத்திரமும் இணைந்திருந்தது. இரண்டாண்டுக்குள் வேலையைவிட்டு விலகினால் ஒரு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். அசல் சான்றிதழ்களை நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். இத்தகைய பத்திரம் செல்லாது, பயப்பட வேண்டாம் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். ஆனால் 2025 மே மாதத்தில், பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பணியில் இருக்கும் காலத்துக்கான அந்தக் கட்டுப்பாடு, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு தடுக்கும் தொழில்தடை ஆகாது என்பது அதன் சாரம். அரசு வங்கிக்கான நியாயங்கள் ஒரு தனியார் உதிரிபாக நிறுவனத்துக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்குமேல் கேட்க முடியாது என்ற வாதமும் உண்டு. இருந்தாலும், செல்லாது என்று நம்பிக் கையெழுத்திடுவது இனி அறிவுடைமை ஆகாது. ஒரு லட்சம் ரூபாயைக் கட்ட நேரலாம் என்று எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னேன்.

சான்றிதழ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் எழுதி, அசலைக் காட்டிச் சரிபார்த்தபின் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், நகல்களை மட்டும் தருவதாகவும் சொன்னோம். பதில் வர ஒன்பது நாள் ஆனது, ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து எத்தனை பேர் கேட்காமலே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, இதை ஏன் முந்தைய ஆண்டுகளில் செய்யவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

ஒருமுறை போய்ப் பார்த்தல்

முடிவெடுக்குமுன் தந்தையும் மகளும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவரட்டும் என்பது என் வற்புறுத்தல். போக, வர, தங்க என்று இரண்டாயிரம் ரூபாய்க்குமேல் செலவானது. அவர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு தந்தை அதை, சரக்கேற்றப் போகும் புதிய ஊரில் முதலில் வழி பார்த்துவருவதோடு ஒப்பிட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர்கள் கண்டுவந்தவற்றுள் முதலாவது, சென்னை என்று எல்லோரும் சொன்ன இடம் சென்னை இல்லை என்பது. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. கடற்கரையும் தியாகராய நகரும் அங்கிருந்து வெகுதூரம். சுற்றிலும் சிப்காட் சாலைகளும், கன்டெய்னர் லாரிகளும், நடுநடுவே ஏரிகளும்தான். தந்தைக்கு அது ஆறுதலாக இருந்தது. மகளுக்குச் சற்று ஏமாற்றம். தென்மாவட்டங்களுக்கான அரசுப் பேருந்துகள் கிளம்பும் கிளாம்பாக்கம் முனையம் அந்தப் பக்கத்திலேயே இருப்பதை, நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகரும் தாம்பரத்தில் நிற்பதோடு சேர்த்து அவர் குறித்துக்கொண்டு வந்தார். இரவில் ஏறினால் காலையில் வீடு என்ற எண்ணமே ஐந்நூற்றைம்பது கிலோமீட்டரைப் பாதியாகச் சுருக்கிவிட்டது.

இரண்டாவது கண்டுபிடிப்பு முக்கியமானது. அவர்கள் பார்த்த மகளிர் விடுதியின் கதவு இரவு ஒன்பதரைக்கு அடைக்கப்படும். நிறுவனத்தின் இரண்டாம் ஷிப்ட் முடிவதோ இரவு பத்தரைக்கு. ஆணையில் சுழற்சி முறை என்று ஒரே சொல்லில் இருந்ததன் பொருள் அங்கேதான் அவர்களுக்கு விளங்கியது. நிறுவனத்திலிருந்து கடிதம் கொடுத்தால் திறந்துவிடுவோம் என்றார் விடுதிக் காப்பாளர். தாம்பரம், கூடுவாஞ்சேரி ஆகிய இடங்களில் அரசு நடத்தும் தோழி விடுதிகள் பற்றியும் விசாரித்தார்கள். ஆனால் நிறுவனப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தே போகலாம் என்பதால் தனியார் விடுதியையே தேர்ந்தார்கள். ஷிப்ட் முடிந்து நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எந்த இடத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைத் தந்தை தாமே நடந்து பார்த்தார். நானூறு அடி, நடுவில் ஒரு தேநீர்க் கடை, இரண்டு தெருவிளக்கு என்று என்னிடம் ஒப்பித்தார்.

வீட்டில் தாயின் அச்சம் வேறு வகையில் வெளிப்பட்டது. "மழை பேஞ்சா சென்னை முங்கிருமே" என்றாராம். "ஒன்றரை வருசத்துக்கு முன்னால நம்ம ஜில்லாவே முங்குச்சேம்மா" என்று மகள் பதில் சொல்லியிருக்கிறார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணிக் கரையெங்கும் ஊர்கள் துண்டிக்கப்பட்டதை மறந்தவர் எங்கள் பகுதியில் யாருமில்லை. தாய் அதன்பின் மழையைப் பற்றிப் பேசவில்லை; அச்சம் தீர்ந்தது என்று அதற்குப் பொருளல்ல.

முதல் சம்பளம் வரும்வரை

இந்த வகை முடிவுகள் பெரும்பாலும் கவிழ்வது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். ஜூலை 14 அன்று சேர்ந்தாலும், கணக்கு முடிக்கும் தேதி காரணமாக ஜூலைச் சம்பளம் ஆகஸ்ட் சம்பளத்தோடு சேர்ந்து மாத இறுதியில்தான் வரும். அதுவரை ஆறரை வாரம். விடுதி முன்பணம் 5,000, இரண்டு மாதக் கட்டணம் 13,000, பயணம் 1,500, பாய் தலையணை வாளி முதலியவை 2,500, மருத்துவச் சான்று, பத்திரம், புகைப்படம் ஆகியவற்றுக்கு 1,500, கைச்செலவு 4,500. மொத்தம் 28,000 ரூபாய். பணியாணை எதிலும் இந்தத் தொகை இருப்பதில்லை. கல்லூரியில் நாங்களும் சொல்வதில்லை. இது கையில் இல்லாமல் போகிறவர்கள் சக ஊழியரிடமோ செயலிகளிலோ கடன் வாங்கி, முதல் ஆறு மாதச் சம்பளத்தையும் அதற்கே கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். திருப்பூர்ச் சித்தப்பாவின் கதையும் ஏறக்குறைய இதுதான் என்று பிறகு தெரிந்தது.

புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் மாதம் ஆயிரம் ரூபாய் மாணவியின் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் எடுத்ததுபோக 12,000 மிச்சம் இருந்தது. மீதி 16,000 ரூபாயைத் தாய் மகளிர் குழுவில் கடனாக எடுத்தார். போகவே வேண்டாம் என்றவர்தான் போவதற்கான பணத்தைப் புரட்டினார் என்பதை இங்கே பதிந்துவைக்க வேண்டும்.

போவது உறுதியானபின், ஒரு நோட்டுத் தாளில் குடும்பம் சில விதிகளை எழுதிக்கொண்டது. யோசனை என்னுடையது, வாசகம் அவர்களுடையது. குழுக் கடன் முடியும்வரை மாதம் நாலாயிரம் அனுப்பினால் போதும், அதற்குமேல் வீட்டிலிருந்து கேட்கக் கூடாது. பாதுகாப்புக்கோ உடம்புக்கோ கேடு என்றால் எந்த நாளும் திரும்பி வரலாம், ஒரு லட்சத்தைப் பற்றி அப்பா பார்த்துக்கொள்வார். மற்ற மனக்குறைகள் எதுவானாலும் தை வரை பொறுத்துக்கொண்டு, பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து பேசி, தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். திரும்பி வந்தால் ஊரார் கேட்பார்களே என்று தாய் சொன்னதற்குத் தந்தை, "லீவுக்கு வந்திருக்கான்னு சொல்லுவோம், லீவு நீண்டு போச்சுன்னு சொல்லுவோம்" என்றாராம்.

நடந்தவை

ஜூலை 12 அன்று தேர்வை எழுதிவிட்டு அன்றிரவே ரயிலேறினார். சாப்பாடும் தனிமையும் வாட்டும் என்று நான் எதிர்பார்த்து அதற்கேற்ற அறிவுரைகளைக் கொடுத்திருந்தேன். அவை பெரிய சிக்கலாகவே இல்லை. தீபாவளி டிக்கெட்டுக்குக்கூட அவர் தயாராக இருந்தார். முன்பதிவுக் காலம் 60 நாளாகக் குறைக்கப்பட்டிருப்பதால், அக்டோபர் 17 பயணத்துக்கு ஆகஸ்ட் 18 காலை எட்டு மணிக்கே கைப்பேசியோடு உட்கார்ந்து ஓர் இருக்கையைப் பிடித்துவிட்டார். அந்த வாரத்தில் தமக்கு எந்த ஷிப்ட் என்றே அப்போது அவருக்குத் தெரியாது.

நாங்கள் யாரும் எதிர்பாராதது தூக்கம். செப்டம்பரில் இரவு ஷிப்ட் தொடங்கியது. அறையிலிருந்த மற்ற மூவரும் பகல் வேலைக்காரர்கள். காலை ஏழு மணிக்கு இவர் வந்து படுக்கும்போது அவர்கள் எழுந்து, விளக்கைப் போட்டு, குளித்து, தலை உலர்த்தி, தொலைபேசியில் பேசிக் கிளம்புவார்கள். பதினொரு மணிக்குக் கூட்டிப் பெருக்க ஆள் வரும். ஒரு வாரத்தில் நாளுக்கு நான்கு மணி நேரத் தூக்கம் என்ற நிலை வந்தது. தீபாவளிக்கு வந்தவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததைப் பார்த்த தாய், திரும்பிப் போக வேண்டாம் என்றார். மகளும் மறுக்கவில்லை.

அன்று தந்தை எனக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட கேள்வி, இந்த ஆய்வை எழுதத் தூண்டியது. "மேடம், இது உடம்புக்குக் கேடுன்னு எழுதின விதியா, மனக்குறைன்னு எழுதின விதியா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரகடத்து முன்னாள் மாணவியிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "வேலையில குறை இல்ல மேடம், ரூம்ல குறை, ஷிப்ட்காரங்களோட தங்கச் சொல்லுங்க" என்றார். ஒரு மாதமாக ஒரு குடும்பமும் ஓர் ஆசிரியையும் காணாததை, அங்கேயே வாழ்பவர் ஒரு நிமிடத்தில் கண்டார்.

நவம்பரில் ஒரே ஷிப்டில் சுழலும் நான்கு பெண்களாகச் சேர்ந்து சிங்கப்பெருமாள்கோவிலில் வீடு பார்த்தார்கள். வாடகை 12,000. வீட்டுக்காரர் ஐந்து மாத முன்பணம் கேட்டார். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது, மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அதைச் சொல்லிப் பார்த்தபோது வீட்டுக்காரர் அசையவில்லை. நால்வருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம், நிறுவனப் பேருந்து வாசலுக்கே வரும் என்று அறிந்தபின் மூன்று மாதத்துக்கு இறங்கினார். தலைக்கு 9,000 ரூபாய். வாடகையும் சமையலும் சேர்ந்து மாதச் செலவு விடுதிக் கட்டணத்தைவிடச் சற்றுக் குறைந்தது. சன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டியதுதான் தாம் செய்த மிக நல்ல முதலீடு என்று அவர் எனக்கு எழுதினார்.

அதே அணியைச் சேர்ந்த வேறு இருவரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தம். ஒருவர், ஆணை எதுவும் இல்லாமல், வேலை தேடிக்கொள்ளலாம் என்று ஆகஸ்டில் வேளச்சேரியில் நண்பர்களின் அறைக்குப் போனார். மூன்று மாதத்தில் நாற்பதாயிரம் ரூபாய் செலவழிந்து, உணவு கொண்டுசேர்க்கும் வேலையில் இறங்கி, இப்போது அதிலேயே இருக்கிறார். அவர் திரும்பி வரத் தயார். அவருடைய வீடு தயாராக இல்லை. மற்றவர் ஒரகடத்து ஆணையை மறுத்துவிட்டுக் கங்கைகொண்டானுக்கே போனார். மாதம் பத்தாயிரத்துக்குமேல் சேர்த்து, அக்காவின் திருமணக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய வீட்டுநிலைக்கு அதுவே சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அனுபவத்துக்காக 96,000 ரூபாயைக் கைவிடுவது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகும் செலவு இல்லை.

பொங்கலுக்கு மாணவி வந்தபோது, எழுதிவைத்த தாளை எடுத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். குழுக் கடன் டிசம்பரோடு முடிந்திருந்தது. வங்கியில் ஐயாயிரம் ரூபாய் மட்டுமே இருந்தது. வீட்டு முன்பணம் போனதால் அவ்வளவுதான். ஆனால் இயந்திரம் ஒன்றின் டிரைவ் பழுதானபோது, மூத்தவர் வருமுன் தாமே கண்டுபிடித்துச் சரிசெய்ததைத் தந்தைக்குக் காகிதத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். குட்டியானையின் மின்சுற்றை வைத்து அவர் அதைப் புரிந்துகொண்டாராம். பத்திரக் காலம் முடியும் 2027 ஜூலை வரை தொடர்வது, அதற்கு ஆறு மாதம் முன்பிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வேலை தேடத் தொடங்குவது என்று அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்.

தாயிடம் மட்டும் ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. சொந்தத்தில் வரன் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்; சென்னைப் பக்கம் வேலை பார்க்கும் மாப்பிள்ளையாகப் பார்ப்பதா, இந்தப் பக்கத்து மாப்பிள்ளையாகப் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறார். மகள் தாளை வாங்கி மடித்துத் தந்தையின் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "அது அடுத்த தைக்கும்மா" என்று சொல்லி ரயிலுக்குக் கிளம்பியிருக்கிறார்.